அடம் பிடிக்கும் ஐந்து நிமிடம்

கேட்ட பொருள் கிடைக்காதபோதோ, விளையாட்டை நிறுத்தச் சொன்னபோதோ, சில சமயம் காரணமே தெரியாமலோ சிறு குழந்தை வீறிட்டு அழும். தரையில் விழுந்து புரளும், கை கால்களை உதைக்கும், கையில் இருப்பதை வீசி எறியும். தூக்க வருபவரை அடிக்கும், சில நேரம் கடிக்கவும் செய்யும். இந்த அடம் பெரும்பாலும் ஒன்றரை வயதை ஒட்டித் தொடங்குகிறது. இரண்டு, மூன்று வயதில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு மெல்லக் குறைகிறது.

அடம் பிடிப்பதே வளர்ப்பின் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மைக்கேல் பொட்டகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் குழந்தைகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயதுள்ளவர்களில் 87 விழுக்காட்டினரும், இரண்டரை முதல் மூன்று வயதுள்ளவர்களில் 91 விழுக்காட்டினரும் அடம் பிடித்தார்கள். மூன்றரை முதல் நான்கு வயதில் இது 59 விழுக்காடாகக் குறைந்தது. அடமே பிடிக்காத குழந்தைதான் அபூர்வம். ஆனால் நாள் தவறாமல் அடம் பிடிப்பது பொதுவானதல்ல. லாரன் வாக்ஷ்லாக்கின் குழு மழலையர் பள்ளி வயதுள்ள சுமார் 1,500 குழந்தைகளின் பெற்றோரிடம் திரட்டிய தகவலை 2012இல் வெளியிட்டது. முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையாவது அடம் பிடித்தவர்கள் 80 விழுக்காட்டுக்கு மேல். தினமும் அடம் பிடித்தவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

அடம் வராமலே தடுத்துவிட எந்தப் பெற்றோராலும் முடியாது. வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவர்கள் கையில் இருக்கிறது. அடுத்த அடம் குறையுமா, வளருமா என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

ஏன் வருகிறது?

முதல் காரணம் மூளையின் வளர்ச்சி. கோபம், பயம் போன்ற உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் பிறந்த சில மாதங்களிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை அடக்கி, பொறுத்திருக்கச் சொல்லும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டிவிடும். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவருக்கு வருவது போலவே கோபம் வரும்; அதை நிறுத்தத்தான் தெரியாது.

இரண்டாவது காரணம் பேச்சு. இரண்டு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும் நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிவது அதைவிடப் பல மடங்கு அதிகம், வேண்டியதும் அதிகம். சொல்ல வராதது அழுகையாக வெளிவருகிறது. 12 முதல் 38 மாதம் வரையுள்ள 2,000 குழந்தைகளைப் பற்றி 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பேச்சு தாமதப்பட்ட குழந்தைகளுக்குக் கடுமையான அடம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

மூன்றாவது, தானே செய்ய வேண்டும் என்ற வேகம். செருப்பைத் தானே மாட்ட வேண்டும், லிஃப்ட் பொத்தானைத் தானே அழுத்த வேண்டும், தோசையைத் தானே பிய்க்க வேண்டும். கை அதற்கு ஒத்துழைக்காது, பெரியவர்களுக்கோ நேரம் இருக்காது. இந்த வயதின் அடங்களில் கணிசமானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இவற்றோடு உடல்நிலையும் சேர்ந்துகொள்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபுளோரன்ஸ் குட்எனஃப் 1931இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் முன்னோடி. 45 குழந்தைகளின் தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் கோபம் வெடித்த ஒவ்வொரு முறையும் அதை நாட்குறிப்பில் எழுதிவந்தார்கள். அப்படிச் சேர்ந்தவை 1,878 நிகழ்வுகள். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பும், களைப்பான நேரத்திலும், சளி, வயிற்றுக் கோளாறு போன்ற சிறு நோய்களின்போதும் கோபம் அதிகமாக வந்தது அதில் தெரிந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்த நாள்களிலும் அப்படியே.

பிறவிக் குணமும் ஒரு காரணம். ஸ்டெல்லா செஸ், அலெக்ஸாண்டர் தாமஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், பத்தில் ஒரு குழந்தை பிறப்பிலிருந்தே எதற்கும் கடுமையாக எதிர்வினை காட்டுவதும், புதியதை ஏற்கச் சிரமப்படுவதும், உறக்கமும் பசியும் ஒழுங்கில் வராததுமாக இருந்தது. ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளரும் அண்ணன் சாதுவாகவும் தம்பி முரண்டாகவும் இருப்பதில் வியப்பில்லை.

ஓர் அடத்தின் போக்கு

பார்ப்பவருக்கு அடம் வெறும் ரகளையாகத் தெரியும். ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. பொட்டகலும் டேவிட்சனும் 335 குழந்தைகளின் பெற்றோரிடம், அடம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை நடந்ததை வரிசையாக எழுதித் தரக் கேட்டார்கள். நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நீடித்தவைதான் மிக அதிகம். அரை மணி நேரம் நடந்தது போலத் தோன்றுவது பெரும்பாலும் பெற்றோரின் பதற்றத்தால்தான்.

அடத்துக்குள் இரண்டு உணர்ச்சிகள் ஓடுகின்றன. கத்துவது, உதைப்பது, அடிப்பது, எறிவது, உடம்பை விறைப்பது எல்லாம் கோபத்தின் அடையாளங்கள். அழுவது, சிணுங்குவது, மடியைத் தேடி வருவது எல்லாம் துயரத்தின் அடையாளங்கள். கோபம் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டு வேகமாக இறங்குகிறது. துயரம் முதலிலிருந்து கடைசிவரை அடியில் ஓடிக்கொண்டே இருந்து, கோபம் தணிந்ததும் மேலே தெரிகிறது. பிறகு பொட்டகலும் ஜேம்ஸ் கிரீனும் குழந்தைகளின் உடையில் சிறு ஒலிவாங்கியைத் தைத்து, வீட்டில் அடம் பிடித்தபோது எழுந்த ஒலிகளைப் பதிவு செய்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்விலும் கூச்சலும் அலறலும் ஒரு குழுவாகவும், அழுகையும் சிணுங்கலும் இன்னொரு குழுவாகவும் பிரிந்து நின்றன.

பெற்றோருக்கு இதில் நடைமுறைப் பயன் இருக்கிறது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது காரணம் கேட்பதும், விளக்கம் சொல்வதும், பேரம் பேசுவதும் குழந்தையின் காதில் ஏறாது. “என்ன வேணும் உனக்கு? ஏன் இப்படிப் பண்ற?” என்ற ஒவ்வொரு கேள்வியும் குறைந்துகொண்டிருக்கும் கோபத்தைத் திரும்பக் கிளறும். அழுகை தேம்பலாக மாறி, குழந்தை அருகில் வரத் தொடங்கினால் கோபம் ஓய்ந்துவிட்டது என்று பொருள். ஆறுதலுக்கும் அணைப்புக்கும் பேச்சுக்கும் ஏற்ற நேரம் அதுதான்.

விட்டுக்கொடுத்தல்

அடத்தை உடனே நிறுத்தும் வழி கேட்டதைக் கொடுத்துவிடுவதுதான். அதனாலேயே பல பெற்றோர் அதைச் செய்கிறார்கள். ஒரிகானைச் சேர்ந்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன், இப்படிப்பட்ட நேரங்களில் வீடுகளுக்குள் நடப்பதைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்து 1982இல் ஒரு நூலாக எழுதினார். பெற்றோர் மறுக்கிறார், குழந்தை கத்துகிறது, பெற்றோர் கொடுத்துவிடுகிறார், குழந்தை நிறுத்துகிறது. கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கற்கிறது, கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று பெற்றோர் கற்கிறார். இருவருக்கும் பலன் கிடைப்பதால் இருவரும் அதையே திரும்பச் செய்கிறார்கள்.

எப்போதும் கொடுப்பதைவிடச் சிக்கலானது எப்போதாவது கொடுப்பது. நான்கு நாள் மறுத்துவிட்டு ஐந்தாம் நாள், அதுவும் குழந்தை வழக்கத்தைவிட உரக்கக் கத்திய பிறகு கொடுத்தால், இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தால் நேற்றும் கிடைத்திருக்கும் என்பதுதான் குழந்தைக்குப் பாடம். பலன் நிச்சயமில்லாமல் இடையிடையே கிடைக்கும் பழக்கம் எளிதில் அழியாது என்பதை நடத்தையியல் ஆய்வுகள் 1950களிலேயே நிறுவிவிட்டன. லாட்டரிச் சீட்டு வாங்குபவரை விடாமல் வாங்க வைப்பதும் எப்போதோ விழுந்த ஒரு சிறு பரிசுதான்.

இதற்காக எல்லாவற்றையும் மறுக்க வேண்டியதில்லை. கொடுக்கலாம் என்று நினைப்பதை முதல்முறை கேட்கும்போதே கொடுத்துவிடலாம். மறுத்தபிறகு அழுகைக்காக மனம் மாறுவதுதான் கூடாது.

மிரட்டலும் அடியும்

பூச்சாண்டி வருவான், பிள்ளை பிடிப்பவன் தூக்கிப்போவான், போலீஸ் பிடித்துப் போகும், டாக்டர் ஊசி போடுவார் என்ற மிரட்டல்கள் நம் வீடுகளில் பழகிப்போனவை. பயம் கோபத்தை ஒரு கணம் அடக்கும். ஆனால் கோபத்தைத் தானே தணிக்கும் வழியைக் குழந்தை அதிலிருந்து கற்பதில்லை. இருட்டில் தனியே படுக்கவும், தடுப்பூசிக்குக் கை நீட்டவும் பிறகு அதே குழந்தையிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். “உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்” என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது. பெற்றோர் அருகில் இருப்பார்கள் என்ற உறுதிதான் அந்த வயதின் பாதுகாப்பு.

அடிப்பதைப் பற்றி ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ கிரோகன்-கெய்லர் இருவரும் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை 2016இல் அலசினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது காயம் ஏற்படும்படியான அடியை அல்ல. முதுகின் கீழும் கை கால்களிலும் வெறும் கையால் போடும் சாதாரண அடியைத்தான். அடி வாங்கியதால் குழந்தைகள் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியதாகத் தெரியவில்லை. முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் பெற்றோருடனான விரிசலும் அடி வாங்கியவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை அடியோடு, குழந்தையை அவமானப்படுத்தும் ஏச்சையும் தவிர்க்கச் சொல்கிறது. “அடிக்காதே” என்று சொல்லிக்கொண்டே அடிக்கும்போது, குழந்தை சொல்லைவிடச் செயலைத்தான் பின்பற்றும்.

கேலியும் இந்த வகையில்தான் சேரும். அழும் குழந்தையைச் சுற்றி நின்று சிரிப்பதும், அதை வீடியோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவதும் கோபத்தைக் கூட்டுமே ஒழியக் குறைக்காது.

கைப்பேசி

இன்றைய வீடுகளில் மிக வேகமாகப் பரவியிருக்கும் பதில் கைப்பேசியைக் கையில் கொடுப்பது. அழுகை நொடியில் நிற்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜென்னி ரடெஸ்கியும் குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 422 குழந்தைகளை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அழும் குழந்தையை அமைதிப்படுத்த அடிக்கடி திரைச் சாதனங்களைப் பயன்படுத்தியவர்களின் பிள்ளைகளிடம் சில மாதங்களில் உணர்ச்சி வேகம் கூடியிருந்தது. ஆண் குழந்தைகளிடமும், இயல்பிலேயே துறுதுறுப்பும் வேகமும் அதிகமுள்ள குழந்தைகளிடமும் இது பளிச்சென்று தெரிந்தது. சட்டென்று கொதிக்கும் குழந்தைக்குத்தான் கைப்பேசி அதிகம் கொடுக்கப்படுகிறது. அந்தக் குழந்தைக்குத்தான் கொதிப்பைத் தானே தணித்துப் பழகும் வாய்ப்பு மிக அவசியம்.

இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் போதும் என்றும் சொல்கிறது. கைப்பேசியைத் திரும்ப வாங்கும் நேரமே இன்னொரு அடத்தின் தொடக்கமாகிவிடுவதையும் பல வீடுகள் அறியும்.

கண்டுகொள்ளாமல் இருத்தல்

பொருளுக்காகவோ, பெரியவர்களின் கவனத்துக்காகவோ பிடிக்கும் அடத்துக்கு, கவனம் காட்டாமல் இருப்பது நல்ல பலன் தருகிறது. இதைக் காட்டிய பழைய சான்று கார்ல் வில்லியம்ஸ் 1959இல் எழுதிய ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு. நீண்ட நோயிலிருந்து தேறிய, ஏறத்தாழ 21 மாதக் குழந்தை அது. தூங்கும்வரை பெரியவர் ஒருவர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எழுந்து போனால் குழந்தை கத்தி ஊரைக் கூட்டும். நோய் முற்றிலும் குணமானதை உறுதி செய்துகொண்ட பிறகு, குழந்தையை அன்போடு படுக்கவைத்துவிட்டு, அழுதாலும் திரும்பப் போவதில்லை என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். முதல்முறை குழந்தை 45 நிமிடம் அழுதது. நாளடைவில் அழுகை அற்றுப்போய், பத்தாவது முறை பெற்றோர் அறையை விட்டுப் போகும்போது சிரித்தது.

ஒரு வாரம் கழித்து, குழந்தையின் அத்தையோ சித்தியோ படுக்கவைத்த ஒரு நாள், அழுகை கேட்டு மனம் இளகி உள்ளே போய்த் தூங்கும்வரை உடனிருந்தார். அந்த ஒரு நாளில் பழைய பழக்கம் முழு வேகத்தில் திரும்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒன்பதாவது முறைக்குள் அடக்க முடிந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அப்படி அடம் வரவில்லை. மூன்றே முக்கால் வயதில் அது எல்லாரிடமும் கலகலப்பாகப் பழகும் பிள்ளையாக இருந்தது.

இந்த வழியில் இறங்குபவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கியதும் அடம் உடனே குறையாது. முதலில் சற்றுக் கூடும். வழக்கமாகப் பலித்த வழி பலிக்காதபோது குழந்தை அதையே இன்னும் உரக்கச் செய்து பார்க்கும். பல பெற்றோர் சரியாக அந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். இரண்டாவது, கண்டுகொள்ளாதது அடத்தைத்தானே தவிரக் குழந்தையை அல்ல. அருகிலேயே இருந்து, முகத்தில் கோபம் காட்டாமல், கையிலிருக்கும் வேலையைத் தொடர வேண்டும். அழுகை நின்றதும் உடனே கவனம் திரும்ப வேண்டும். தலையை முட்டிக்கொண்டாலோ, மற்றவரை அடித்தாலோ, சாலையை நோக்கி ஓடினாலோ கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. அதிகம் பேசாமல் பிடித்துத் தடுத்து, பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

அடிப்பது, கடிப்பது போன்றவற்றுக்குச் சற்று நேரம் விளையாட்டிலிருந்து விலக்கி உட்கார வைக்கும் முறையும் 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. பெரியவரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில், சலிப்பான ஒரு நாற்காலி போதும். குளியலறையில் பூட்டுவதும் இருட்டறையில் அடைப்பதும் இந்த முறையில் சேராது, அவை பயமுறுத்தல்தான்.

எல்லா அடமும் ஒன்றல்ல

ஒரே மருந்து எல்லா அடத்துக்கும் பொருந்தாது. மிட்டாய்க்காக அழும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், மிட்டாயும் கிடைக்காது, அடமும் வலுவிழக்கும். குளிக்க மறுத்தோ, பள்ளி வேனில் ஏற மறுத்தோ அழும் குழந்தையை அப்படியே விட்டால் குளியல் தப்பிவிடுகிறது, வேனும் போய்விடுகிறது. குழந்தைக்கு வேண்டியதும் அதுதான். இங்கே கோபப்படாமல், கையைப் பிடித்து உதவி, அந்த வேலையை முடித்துவிட வேண்டும். பாதியையாவது முடித்தபிறகே மற்றதற்குப் போக வேண்டும்.

பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் காய்ச்சலிலும் வரும் அடம் மூன்றாவது வகை. அங்கே பாடம் கற்பிக்க எதுவும் இல்லை. சோறு, உறக்கம், மடி இவைதான் பதில். நான்காவது வகை, தன்னால் முடியாமல் போனதால் வரும் ஆற்றாமை. பொத்தான் மாட்ட வராமல் சட்டையை எறியும் குழந்தைக்கு முக்கால் பங்கை மாட்டிக்கொடுத்துக் கடைசி இழுப்பை மட்டும் விட்டுவைத்தால், உதவியும் கிடைக்கும், தானே செய்த நிறைவும் கிடைக்கும்.

எந்த வகையானாலும் உணர்ச்சியை ஏற்பதும் கோரிக்கையை ஏற்பதும் வேறுவேறு. “ஐஸ் கிடைக்கலன்னு கோவமா இருக்கு, இல்ல? இன்னிக்கு ஐஸ் கிடையாது. அம்மா இங்கயேதான் இருக்கேன்” என்று தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தையின் கோபத்துக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, மறுப்பும் மாறாமல் நிற்கிறது. இப்படிப் பலமுறை கேட்டுப் பழகிய குழந்தை, மூன்று நான்கு வயதில் “எனக்குக் கோவம் வருது” என்று வாயால் சொல்லத் தொடங்குகிறது.

பல பெரியவர்கள் உள்ள வீடு

வில்லியம்ஸின் குறிப்பில் ஓர் உறவினர் ஒரே நாளில் செய்தது, தாத்தா பாட்டியும் அத்தை சித்தப்பாவும் சேர்ந்து வாழும் வீட்டில் அன்றாடம் நடக்கக்கூடியது. அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுப்பார், அப்பா அதட்டியதும் தாத்தா தூக்கிக்கொள்வார். பெரியவர்கள் அதிகமுள்ள வீடுகளில் கோப வெடிப்புகள் கூடுதலாக இருந்ததை 1931இலேயே குட்எனஃப் குறித்திருக்கிறார்.

ஆனால் கூட்டுக் குடும்பம் இதில் சுமையாக மட்டும் இருப்பதில்லை. தாய் களைத்துப்போன நேரத்தில் குழந்தையை ஏந்திக்கொள்ள இன்னொரு கை இருப்பது பெரிய பலம். வேண்டியதெல்லாம் சிறிய ஓர் உடன்பாடுதான். மூன்று நான்கு விதிகளை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்: சாப்பாட்டுக்கு முன் இனிப்பு இல்லை, அடித்தால் விளையாட்டு நிற்கும், கைப்பேசி இந்த நேரத்தில் மட்டும். மற்றவற்றில் பாட்டி செல்லம் கொடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒருவர் மறுத்துவிட்டால் அந்த நேரத்தில் இன்னொருவர் அதை மாற்றக் கூடாது. மாற்றுக் கருத்தைக் குழந்தை தூங்கியபிறகு பேசிக்கொள்ளலாம்.

நாலு பேர் முன்னால்

கடையில், பேருந்தில், கல்யாண மண்டபத்தில் வரும் அடம் வீட்டில் வருவதைவிடக் கடினம். குழந்தை மாறவில்லை, பார்ப்பவர்கள் சேர்ந்துகொண்டதால் பெற்றோர் மாறிவிடுகிறார். வீட்டில் மறுப்பவர் கடையில் கொடுத்துவிடுவார், அல்லது வீட்டில் அடிக்காதவர் மண்டபத்தில் அடித்துவிடுவார். எங்கே கத்தினால் பலிக்கும் என்பதைக் குழந்தை விரைவில் கண்டுகொள்கிறது.

கிளம்பும்போதே “இன்னிக்குக் கடையில பொம்மை வாங்கப்போறதில்ல, அரிசியும் சோப்பும்தான்” என்று சொல்லிவிடுவதும், கூடையில் போட ஒரு பொருளை எடுத்துத் தரும் வேலையைக் கொடுப்பதும் நல்ல முன்னேற்பாடு. அடம் தொடங்கிவிட்டால் சாமானை அப்படியே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டமில்லாத ஓரத்துக்குப் போய்விடலாம். சுற்றி நிற்பவர்களும் உதவ முடியும். சாக்லேட் நீட்டுவதும், “இவங்க அம்மா சரியில்ல, நான் உன்னக் கூட்டிட்டுப் போறேன்” என்று வேடிக்கை பேசுவதும் உதவியல்ல. பையைப் பிடித்துக்கொள்வதோ, இருக்கையில் இடம் விடுவதோ, பார்வையைத் திருப்பிக்கொள்வதோதான் உண்மையான உதவி.

அடங்கிய பிறகும், வருவதற்கு முன்பும்

அழுகை நின்றதும் தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்து, வழக்கமான வேலைக்குத் திரும்புவதே போதுமானது. நடந்ததைப் பற்றி நீண்ட அறிவுரை தேவையில்லை. எறிந்த பொருளை இருவரும் சேர்ந்து எடுத்துவைக்கலாம். மூன்று வயதைத் தாண்டிய குழந்தையிடம், அன்று மாலையோ மறுநாளோ, அடுத்தமுறை கோபம் வந்தால் என்ன செய்யலாம் என்று பொம்மைகளை வைத்து விளையாட்டாகப் பேசலாம்.

தவிர்க்கக்கூடிய அடங்கள் நிறைய உண்டு. ஒரு வாரம் எப்போது, எதற்காக அடம் வருகிறது என்று குறித்துவைத்தால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரிந்துவிடும். ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கமும், மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தேவை. பகல் தூக்கத்தைக் கெடுத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனால் அடம் வரத்தான் செய்யும். விளையாட்டிலிருந்து எழுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சொல்லிவைப்பது, “சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா” என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுவது, உடையக்கூடியவற்றைக் கைக்கு எட்டாமல் வைப்பது ஆகியவை சண்டைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். குழந்தை பொறுமையாகக் காத்திருந்த நேரத்தைக் கவனித்து, “பாட்டி போன் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தியே” என்று குறிப்பிட்டுப் பாராட்டுவதும் அதே அளவு முக்கியம். பெரும்பாலான வீடுகளில் கத்தும்போது கிடைக்கும் கவனம் அமைதியாக விளையாடும்போது கிடைப்பதில்லை.

பெற்றோரின் கோபம்

குழந்தை வேண்டுமென்றே தன்னைச் சீண்டுகிறது என்று நினைக்கும் பெற்றோருக்குக் கோபம் அதிகம் வருகிறது. அதற்கு இன்னும் அறியாத வயது என்று நினைப்பவருக்குப் பொறுமை எளிதாகிறது. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் ஓர் இன்யூட் குடும்பத்தோடு 1960களில் வாழ்ந்த மானுடவியலாளர் ஜீன் பிரிக்ஸ் 1970இல் எழுதிய நூல் இதற்கு நல்ல சான்று. சிறு குழந்தைக்கு அறிவு இன்னும் வரவில்லை, வயது ஏற ஏறத் தானே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் கத்தி அழும் குழந்தையிடம் குரலை உயர்த்துவதைப் பெரியவருக்கு ஒவ்வாத சிறுபிள்ளைத்தனமாகவே பார்த்தார்கள்.

வேலை, கடன், தூக்கமின்மை, துணையில்லாத வளர்ப்பு என்று பெற்றோருக்கும் சுமைகள் உண்டு. கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு இரண்டு நிமிடம் அடுத்த அறைக்குப் போய் வரலாம். குழந்தையை ஒருபோதும் பிடித்து உலுக்கக் கூடாது. சிறு குழந்தைகளின் கழுத்து வலுவற்றது. உலுக்கினால் மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்படலாம்.

மூச்சு அடைக்கும்போது

சில குழந்தைகள் வீறிட்டு அழுது, மூச்சை வெளியே விட்டபடியே நிறுத்திவிடுவார்கள். உதடு நீலம் பாரிக்கும், உடல் துவளும், சில நொடிகள் நினைவும் தப்பலாம். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இது தொடங்கி, ஐந்து ஆறு வயதுக்குள் மறைந்துவிடும். குழந்தை இதை வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் ஊற்றாமல், உலுக்காமல், அருகில் இருக்க வேண்டும்.

முதல்முறை வந்ததுமே மருத்துவரிடம் காட்டுவது அவசியம். வலிப்பு, இதயக் கோளாறு போன்றவை அல்ல என்று அவர் உறுதி செய்ய வேண்டும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இந்த மூச்சடைப்புக்கும் தொடர்பு உண்டு. இரும்புச்சத்து மருந்து கொடுத்ததும் பலருக்கு இது குறைகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே எளிய ரத்தப் பரிசோதனை ஒன்று இங்கே மிகவும் பயனுள்ளது. பரிசோதித்து ஆபத்தில்லை என்று தெரிந்தபிறகு, மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்டி பெல்டன், ஜோன் லூபி ஆகியோர் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 279 குழந்தைகளை ஆராய்ந்து, 2008இல் ஐந்து எச்சரிக்கை அடையாளங்களைத் தந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட அடங்களில் பெற்றோரையோ பொருள்களையோ தாக்குவது முதலாவது. தலையை முட்டுவது, தன்னையே கடிப்பது போன்று தன்னைக் காயப்படுத்திக்கொள்வது இரண்டாவது. மாதத்தில் 10 முதல் 20 நாள் வீட்டில் அடம் பிடிப்பது, அல்லது பல நாள்களில் நாளுக்கு ஐந்து முறைக்கு மேல் பிடிப்பது மூன்றாவது. சராசரியாக 25 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது நான்காவது. பெரியவர் உதவியின்றி ஒருபோதும் தானே அமைதியாக முடியாதது ஐந்தாவது. இவற்றில் ஏதேனும் ஒன்று தொடர்ந்து தென்பட்டால் குழந்தைநல மருத்துவரிடம் பேச வேண்டும்.

பேச்சு தாமதம், காது கேளாமை, தூக்கக் கோளாறு ஆகியவையும் அடத்தைப் பெருக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் உரத்த ஒலி, கூட்டம், வழக்கம் மாறுவது ஆகியவற்றைத் தாங்க முடியாமல் வெடிப்பது வெளியிலிருந்து பார்க்க அடம் போலவே இருக்கும். ஆனால் அங்கே எதையும் பெறும் நோக்கம் இல்லை. ஒலியையும் நெரிசலையும் குறைப்பதே வழி. பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. அங்கே குழந்தைநல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோரின் உதவி கட்டணமின்றிக் கிடைக்கும்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாத குழந்தைக்குச் சிகிச்சை தேவையில்லை. பேச்சு வளர வளர, கோபத்தை அடக்கும் மூளைப்பகுதி பழக்கப்படப் பழக்கப்பட, பள்ளி செல்லும் வயதில் அடம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. அதுவரை பெற்றோர் செய்ய வேண்டியவை மூன்று: தாங்கள் கோபப்படாமல் இருப்பது, மறுத்ததை அழுகைக்காக மாற்றாமல் இருப்பது, அழுகை ஓய்ந்ததும் குழந்தையை அருகில் சேர்த்துக்கொள்வது.